கடலடியின் சாட்சி: நீரடிக் கமெராவின் வரலாறும் கோணமலைக் கடலும்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த சுழியோடிகள் பல நூற்றாண்டுகளாகக் கடலின் அடித்தளத்தை அறிந்திருந்தனர். கயிற்றில் பிணைத்த கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி இறங்கிய அந்த மனிதர்கள் கண்ட பார்களையும் பாறைகளையும் முருகைக்கற்களையும் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். அவர்கள் கொண்டுவந்த முத்துக்களுக்குக் கணக்கு இருக்கிறது. அவர்கள் கண்ட காட்சிக்குக் கணக்கு இல்லை. கடலடியில் கண்டதைக் கரைக்குக் கொண்டுவந்து மற்றவருக்குக் காட்டும் வல்லமை மனிதனுக்கு வாய்த்து 170 ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த வல்லமையின் பெயர் நீரடிக் கமெரா.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் விடுமுறைக்குத் தாயகம் வரும்போது நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் நீருக்குள் இறங்கிப் படமெடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. எந்தக் கமெராவை வாங்கலாம் என்று நண்பர்கள் சிலர் என்னிடமும் கேட்பதுண்டு. பத்திரிகை அலுவலகத்தில் பல்லாண்டுகளாகப் படங்களைத் தெரிவு செய்தவன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: கமெராவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். இந்தக் கருவிகளின் வரலாறு முழுவதும் தண்ணீருடன் நடந்த ஒரு போராட்டத்தின் வரலாறே. அதை அறிந்தவருக்குக் கருவியைத் தெரிவு செய்வது கடினமாக இராது.

பெட்டிக்குள் புகுந்த கடல்

1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் குடாவில் வில்லியம் தொம்சன் என்பவர் ஒரு கமெராவை மரப்பெட்டிக்குள் வைத்துக் கடலில் இறக்கினார். அவர் ஒரு வழக்கறிஞர். இயற்கை ஆய்வில் ஆர்வம் கொண்டவர். அவர் நீருக்குள் இறங்கவில்லை. படகில் இருந்தபடியே கயிற்றை இழுத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து, சில நிமிடங்கள் காத்திருந்து, மீண்டும் மூடினார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. ஆயினும் கண்ணாடித் தகட்டில் மங்கலாக ஒரு படம் பதிந்திருந்தது. பாலங்களின் தூண்களும் துறைமுக மேடைகளும் நீருக்கடியில் எந்த நிலையில் உள்ளன என்பதைக் குறைந்த செலவில் பார்ப்பதற்கு இந்த முறை உதவும் என்பது அவருடைய எண்ணம். நீரடிப் புகைப்படம் பிறக்கும்போதே அழகுக்காக அன்றிச் சாட்சியத்துக்காகப் பிறந்தது என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் பிரெஞ்சு உயிரியலாளரான லூயி பூத்தான். 1893இல் பிரான்சின் மத்தியதரைக் கரையிலுள்ள பன்யூல்ஸ் நகரின் ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றினார். கனத்த சுழியோடி உடையணிந்து கடலடிக்கு இறங்கிய அவர், தாம் கண்டதைச் சொற்களால் விளக்க இயலாது என்று உணர்ந்து கமெராவை நாடினார். பொறியியலாளரான அவருடைய சகோதரர் ஒகுஸ்த் நீர்புகாத பெட்டியை வடிவமைத்தார். ஆழத்தில் நீரின் அழுத்தம் பெட்டியை நசுக்காதிருக்க, காற்று நிரப்பிய றப்பர்ப் பை ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டது. வெளி அழுத்தம் கூடும்போது பை சுருங்கி, தன் காற்றைப் பெட்டிக்குள் செலுத்தி, உள்ளும் புறமும் சமநிலையைப் பேணியது.

அழுத்தத்தை வென்ற பூத்தானுக்கு ஒளியே பெரும் தடையாயிற்று. ஒரு படத்துக்கு அரை மணி நேரம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பீப்பாய் ஒன்றின் மேல் மதுசார விளக்கை ஏற்றி, அதைக் கண்ணாடிக் கூண்டால் மூடி, அந்தச் சுவாலைக்குள் மக்னீசியத் தூளை ஊதி ஒளி பாய்ச்சும் கருவியொன்று உருவாக்கப்பட்டது. இன்று கைக்கடக்கமாக உள்ள நீரடி மின்னொளிக் கருவிக்கு அந்தப் பீப்பாயே மூதாதை. பூத்தான் தம் அனுபவங்களையெல்லாம் தொகுத்து 1900இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

நிறப்படத்தின் கதை இதைவிட அபாயமானது. 1926இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அப்பாலுள்ள டிறை டோட்டுகாஸ் தீவுகளில் மீன் ஆய்வாளர் வில்லியம் லோங்லியும், நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் சார்ள்ஸ் மார்ட்டினும் முதல் நீரடி நிறப்படங்களை எடுத்தனர். கடல் மேல் மிதந்த தெப்பமொன்றில் மக்னீசியத் தூளைக் கொளுத்தி, அந்தப் பெரும் மின்னல் வெளிச்சத்தில் கீழே படம் எடுக்கப்பட்டது. ஒரு தடவை அத்தூள் தவறுதலாக வெடித்து லோங்லி தீக்காயமடைந்தார். அப்படங்கள் 1927 ஜனவரி இதழில் வெளிவந்தபோது, கடலடி நீலமும் பச்சையும் மட்டுமன்று, அங்கே செம்மையும் மஞ்சளும் உண்டு என்பதை உலகம் கண்டது.

தண்ணீரின் நான்கு தடைகள்

இவர்கள் எல்லோரும் எதிர்கொண்ட தடைகள் நான்கு. அவை இன்றும் மாறவில்லை.

முதலாவது அழுத்தம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. கரையில் தட்டையாகத் தெரியும் சிறு இடுக்கு, 30 மீற்றர் ஆழத்தில் நீர் பீறிடும் வாயிலாகிவிடும்.

இரண்டாவது நிறம். தண்ணீர் ஒளியைச் சமமாக விழுங்குவதில்லை. செந்நிறத்தை முதலில் விழுங்கும். பின்னர் செம்மஞ்சள், மஞ்சள் என வரிசையாகப் பறிக்கும். ஆழத்தில் விரல் வெட்டுப்பட்டால் வழியும் குருதி பச்சையாகத் தெரிவது இதனால்தான். ஆழம் மட்டுமே இங்கு கணக்கில்லை. பொருளுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள தூரமும் சேர்கிறது. 3 மீற்றர் ஆழத்தில், 5 மீற்றர் தள்ளியிருக்கும் முருகைக்கல்லில் பட்டு வரும் சூரிய ஒளி, மொத்தம் 8 மீற்றர் நீரைக் கடந்தே கமெராவை அடைகிறது.

மூன்றாவது ஒளிமுறிவு. நீரிலிருந்து தட்டைக் கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது. ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பொருள் முக்கால் மீற்றரில் இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தோன்றும். அகன்ற காட்சியைப் பிடிக்க வேண்டிய வில்லை அதனால் குறுகிய காட்சியையே பிடிக்கும். இதற்குப் பரிகாரமாக வந்ததே அரைக்கோள வடிவிலான குவிமாடக் கண்ணாடி.

நான்காவது மிதக்கும் துகள்கள். மணலும் நுண்ணுயிர்களும் கலந்த நீரில் கமெராவின் முன்னாலேயே ஒளியைப் பாய்ச்சினால், மாரிகால இரவில் வாகனத்தின் முன்விளக்கு மழைத்துளிகளைக் காட்டுவது போலத் துகள்கள் வெண்புள்ளிகளாகப் படத்தை மூடிவிடும்.

நான்கு தடைகளில் முதலாவதற்கு உறுதியான உறை போதும். ஏனைய மூன்றுக்கும் பொதுவான மருந்து ஒன்றுதான்: பொருளுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பது. பூத்தானுக்குப் பின்வந்த கருவிகளையெல்லாம் இந்த ஒரு நோக்கில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

பெட்டியே கமெராவானது

1943இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி, சுழியோடியைக் காற்றுக் குழாயிலிருந்து விடுவித்தது. பொருளின் அருகே மீனைப் போல நீந்திச் செல்லும் சுதந்திரம் அதனால் கிடைத்தது. ஒஸ்ரியரான ஹான்ஸ் ஹாஸின் பங்களிப்புடன் 1950களில் றொலைமரின் என்ற உலோக உறை வந்தது. புகழ்பெற்ற றொலைபிளெக்ஸ் கமெராவை அதற்குள் வைத்து இறங்கலாம். ஆனால் ஒரு சுருளில் 12 படங்கள் மட்டுமே. பதின்மூன்றாவது படத்துக்குக் கரையேறி, உறையைத் திறந்து, சுருளை மாற்ற வேண்டும். அதே காலப்பகுதியில் டிமித்திரி றெபிக்கோவ் நீரடி மின்னொளிக் கருவியை உருவாக்கி, ஒளியைச் சுழியோடியின் கையிலேயே கொடுத்தார்.

பெரும் திருப்பம் பெல்ஜியப் பொறியியலாளரான ஜோன் டி வூட்டர்ஸின் கையால் நிகழ்ந்தது. கமெராவுக்கு ஓர் உறை செய்வதற்குப் பதிலாக, கமெராவின் உடலையே நீர்புகா உறையாக அவர் வடிவமைத்தார். கூஸ்தோவின் கப்பலின் பெயரையே தாங்கி கலிப்சோ என்று 1960களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. 35 மில்லிமீற்றர் சுருள், 36 படங்கள், ஒரு கையில் அடங்கும் உருவம். 1963இல் ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று நிக்கோனோஸ் என்ற பெயரில் தயாரித்தது. 1984இல் வந்த ஐந்தாவது வடிவம், மின்னொளியின் அளவை வில்லையின் ஊடாகவே அளந்து தானாகச் சீர்செய்யும் வசதியைக் கொண்டிருந்தது. 2001இல் நிக்கோன் அதன் உற்பத்தியை நிறுத்தும்வரை, நீரடிப் புகைப்படம் என்றாலே நிக்கோனோஸ் என்னும் நிலை இருந்தது.

நிக்கோனோஸில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டே வில்லையைத் திருப்ப வேண்டும். சிற்றுயிர்களைப் படமெடுப்போர் வில்லைக்கு முன்னால் கம்பிச் சட்டமொன்றைப் பொருத்துவர். சட்டத்துக்குள் பொருள் வந்தால் படம் துல்லியம் என்று பொருள். முப்பத்தாறாவது படத்தோடு கதை முடிந்துவிடும் என்ற அச்சத்தில் ஒவ்வொரு சொடுக்கலுக்கும் முன் யோசித்தவர்கள் அவர்கள். அந்த ஒழுக்கம் இன்றைய டிஜிற்றல் கமெராக்காரரிடம் அருகிவருகிறது.

கோணமலைக் கடலில் இருவர்

இந்த உலக வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறியதற்கு இங்குள்ள கடலே முதன்மையான காரணம். அவருடன் வந்தவர் மைக் வில்சன் என்ற ஆங்கிலேயச் சுழியோடி. கமெராவைக் கையாள்வதில் வல்லவர். இலங்கையரான றொட்னி ஜோன்க்லாஸ் அவர்களுக்கு வழிகாட்டியாகவும் தோழராகவும் விளங்கினார்.

திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்ததும், அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. சுவாமி மலையின் செங்குத்தான பாறைக்குக் கீழே கோயிலின் எச்சங்கள் கடலில் கிடக்கின்றன என்பது திருகோணமலை மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த செய்தி. 1956இல் கிளார்க்கும் வில்சனும் அந்த இடத்தில் சுழியோடி, செதுக்கிய தூண்களும் கற்களும் அடித்தளத்தில் சிதறிக் கிடப்பதைக் கண்டனர். வில்சன் அவற்றைப் படமெடுத்தார். கிளார்க் 1957இல் வெளியிட்ட 'தி றீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' நூலில் இந்தத் தேடல் விரிவாக இடம்பெற்றது. கடலிலிருந்து வில்சன் மீட்ட சிவலிங்கம், 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயிலில் இடம்பெற்றது. அந்தக் கடலே வில்சனின் வாழ்வையும் மாற்றிவிட்டது போலும். பின்னாளில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயர் பெற்றார்.

1961இல் தென்கரைக்கு அப்பால் மகா இராவணன் கோட்டை என்று வழங்கும் பாறைத் தொடரில் படமெடுக்கச் சென்ற வேளையில்தான், வில்சனும் உடன் சென்ற இரு அமெரிக்கச் சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டனர். அவை ஒளரங்கசீப் காலத்தில், 1702ஆம் ஆண்டளவில், சூரத்தில் அச்சிடப்பட்டவை. அவர்கள் புதையல் தேடிப் போனவர்கள் அல்லர். படமெடுப்பவன் பாறையின் அருகே, மெதுவாக, உன்னிப்பாகப் பார்ப்பவன்; அதனால் மற்றவர் கடந்து செல்வதை அவன் காண்கிறான். அடுத்த ஆண்டில் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' முதல் வண்ணச் சிங்களக் கதைப்படமாக வெளிவந்தபோது, திருகோணமலைக் கடலின் உட்புறத்தை இலங்கை மக்கள் திரையில் கண்டனர்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது எனக்குள் ஓர் ஆதங்கம் எழுவதுண்டு. கோணேசர் கோயிலின் கடலடி எச்சங்களைப் பற்றி நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டும் படச் சாட்சியம், வெளியிலிருந்து வந்த ஒருவர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்தது. அதன் பின்னர் நெடுங்காலம் போர் அந்தக் கடலையும் மூடிவைத்தது. போர் முடிந்தபின் அங்கே சுழியோடியவர் பலர், படமெடுத்தவரும் பலர். ஆனால் பத்திரிகை மேசைக்கு வந்துசேர்ந்த நீரடிப் படங்களில் பெரும்பாலானவை நீல மூட்டத்துக்குள் ஏதோவொன்று தெரியும் படங்களாகவே இருந்தன. எந்த இடம், எந்த நாள், எத்தனை மீற்றர் ஆழம், கல்லின் அளவு என்ன என்ற குறிப்பு ஒன்றிலும் இருக்காது. பக்கத்தை அலங்கரிக்க அவை உதவும், வரலாற்றுக்கு உதவா.

முருகைக்கற்களின் கதையும் இதுவே. 1998இல் கடல்நீர் வெப்பமடைந்ததால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் ஆழங்குறைந்த பகுதிகளிலிருந்த முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. இழந்தது எவ்வளவு என்று சொல்வதற்கு, முன்னர் எடுத்த தெளிவான படங்களும் குறிப்புகளுமே ஆதாரம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே இன்று எடுக்கும் படம், இருபது ஆண்டுகளின் பின் அதே பாறையைப் பார்க்கப்போகும் ஒருவருக்குச் சாட்சியமாகும்.

எதை வாங்குவது?

ஆழங்குறைந்த இடத்தில் மூச்சுக்குழாயுடன் மிதந்து படமெடுப்பவருக்கு, உறையின்றியே 15 மீற்றர்வரை நீர்புகாத சிறிய கமெராக்கள் போதுமானவை. ஒலிம்பஸ் டிஜி வரிசை இதற்கு நல்ல உதாரணம். சிற்றுயிர்களை மிக அண்மையில் எடுக்கவும் அது வல்லது. கோப்ரோ போன்ற சிறு கருவிகள் அகன்ற காட்சியும் அசையும் படமும் எடுக்க ஏற்றவை. கைத்தொலைபேசியின் நீர்த்தாங்கு திறன் நன்னீரில் சோதிக்கப்பட்டதென்பதை மறக்கலாகாது. தகுந்த உறையின்றி அதைக் கடலில் இறக்குவது அறிவுடைமையன்று.

சுவாசக் கருவியுடன் இறங்குபவருக்கு உறை அவசியம். வில்லை மாற்றும் கமெராவை வைத்திருப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உறையின் விலை கமெராவின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும், அது பெரும்பாலும் அந்த ஒரு கமெராவுக்கே பொருந்தும். கமெராவை மாற்றினால் உறையும் வீண். ஆகவே புதிதாக வந்த கமெராவைத் தேடுவதைவிட, நல்ல உறை கிடைக்கக்கூடிய சற்றுப் பழைய கமெராவைத் தேடுவதே சிக்கனம். அகன்ற காட்சிக்குக் குவிமாடக் கண்ணாடி, சிற்றுயிருக்குத் தட்டைக் கண்ணாடி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உறைக்குக் குறித்த ஆழ எல்லையை மீறலாகாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அங்கே செல்வதற்குச் சிறப்புப் பயிற்சியும் அதற்கேற்ற உறையும் வேண்டும்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது? முதலில் ஒளிக்கு, பின்னர் வில்லைக்கு, கடைசியாகக் கமெராவின் உடலுக்கு. பூத்தான் பீப்பாயைச் சுமந்து கற்ற பாடம் இது. எளிய கமெராவும் நல்ல மின்னொளிக் கருவியும், விலையுயர்ந்த கமெராவை ஒளியின்றிக் கொண்டுபோவதிலும் மேலானவை. செந்நிற வடிகட்டி நல்ல வெயிலில், அதிக ஆழமில்லாத இடத்தில் ஓரளவு கைகொடுக்கும். மின்னொளியுடன் சேர்த்து அதைப் பயன்படுத்தலாகாது.

எப்படிக் கையாள்வது?

உறையின் உயிர்நாடி அதன் றப்பர் வளையம். ஒரு தலைமயிரோ மணலோ அதில் ஒட்டியிருந்தால் கமெரா மாண்டுவிடும். வளையத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் தடவை கமெராவை வைக்காமல் வெற்று உறையை நீருக்குள் இறக்கிச் சோதிப்பது நல்லது. கடலிலிருந்து வந்தவுடன் நன்னீரில் ஊறவைத்து, ஊறும்போதே பொத்தான்களை அழுத்தி உப்பைக் கழுவ வேண்டும். குளிரூட்டிய அறையிலும் புழுக்கமான படகிலும் உறையை மாறிமாறித் திறந்தால் உள்ளே ஆவி படியும். ஈரம் உறிஞ்சும் சிறு பொதியொன்றை உள்ளே வைப்பது உதவும்.

நீருக்குள் முதல் விதி, அருகே செல்வது. ஒரு மீற்றருக்கு அப்பாலுள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஒளிக்கருவியைக் கமெராவின் பக்கத்தில் விலக்கி, சற்று வெளிநோக்கித் திருப்பினால் துகள்களின் வெண்புள்ளிகள் குறையும். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதைவிட, பொருளின் மட்டத்துக்கு இறங்கி எடுப்பது சிறந்தது. இவையனைத்துக்கும் முன்னதாக, நீரில் அசையாது நிற்கும் பயிற்சி வேண்டும். நல்ல படத்துக்காக முருகைக்கல்லில் கால் ஊன்றுபவர், தாம் படமெடுக்க வந்ததையே அழிக்கிறார்.

சாட்சியமாகப் படமெடுக்க விரும்புபவர், பொருளின் பக்கத்தில் அளவுகோலொன்றை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். நாள், இடம், ஆழம் ஆகியவற்றைக் கரையேறியவுடன் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கல்லைச் சுற்றி வந்து, ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தால், கணினி அவற்றைக் கோத்து அக்கல்லின் முப்பரிமாண உருவத்தையே தந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கமெரா தேவையில்லை; பொறுமையே தேவை. பழம்பொருளைத் தொடவோ எடுக்கவோ கூடாது. அது சட்டத்துக்கு மாறானது மட்டுமன்று, இடத்தை விட்டு அகன்ற கல் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது.

தொம்சன் ஒழுகும் பெட்டியைக் கொண்டு செய்யத் துணிந்ததை, இன்று நம் பிள்ளைகள் சட்டைப்பையில் அடங்கும் கருவியால் செய்யலாம். சுவாமி மலையின் அடிவாரத்தில் கிடக்கும் தூண்களை அலையும் மணலும் ஒவ்வொரு பருவத்திலும் தேய்க்கின்றன, மூடுகின்றன. அடுத்த முறை திருகோணமலைக்கு வந்து, உரிய அனுமதியுடனும் தேர்ந்த வழிகாட்டியுடனும் அங்கே இறங்குபவர்கள், அழகான படங்களுடன் அளவுகோல் வைத்த பத்துப் படங்களையும் எடுத்து, நாளும் ஆழமும் குறித்துப் பல்கலைக்கழகமொன்றின் வரலாற்றுத் துறைக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ ஒரு பிரதி கொடுப்பார்களானால், வில்சனின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு நமக்கென்று சில படங்கள் இருக்கும்.